ஐம்பதுக்குக் கீழே

எனக்குச் சந்தேகம் அதிகம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; மறைக்கவும் முடியாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகு வயிற்றையும் அமுக்கிப் பார்ப்பேன். கண்டக்டர் "தக்கலை, தக்கலை" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் பஸ்ஸின் போர்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். "எங்க அண்ணன் மாதாகோயில்ல நன்மை அப்பம் வாங்கினாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டுதான் வாயில போடுவான்" என்று என் தங்கை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தத் தங்கையின் புருஷனைத்தான் நான் ஏறக்குறைய கொன்றுவிட்டேன்.

என் தொழில் சிப்பி எடுப்பது. கடலுக்குள் பாறையில் அப்பிக் கிடக்கும் சிப்பியை, மூச்சடக்கி இறங்கி, உளியால் கொத்தி வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவது. மூக்கையும் மூடும் முங்குகண்ணாடி ஒன்று, உளி ஒன்று, அவ்வளவுதான் சாமான். இரண்டு நிமிஷம் அடியில் கிடப்பேன். எங்கள் கரையில் எனக்கு மேல் மூச்சுப் பிடிப்பவன் அப்போது இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

தங்கை மாப்பிள்ளை ஆறு வருஷம் வளைகுடாவில் கப்பல் அடிப்பாகம் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவன். சிலிண்டர் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வேலை செய்வான். சுனாமி வந்து நாலைந்து வருஷம் கழித்து, இனிப் போகமாட்டேன் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். வரும்போது இரண்டு பேருக்கான முங்குசாமான் கொண்டு வந்தான். எங்கள் பக்கத்தில் அந்தச் சமயம் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லின் அடிவாரம் நகர்ந்திருக்கிறதா, எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று இறங்கிப் பார்த்துச் சொல்ல இரண்டு ஆள் வேண்டும் என்றார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான். எனக்கும் ஆசைதான். தங்கை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு வருஷம் போன்ல குடும்பம் நடத்தினேன். அவர நீ பாத்துக்கோ கேட்டியா" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அவன் கொண்டு வந்த சாமானில் என்னை மிகவும் குழப்பியது டைவ் கம்ப்யூட்டர். பார்க்க ஒரு பெரிய கைக்கடிகாரம், அதனால் நாங்கள் அதை வாட்ச் என்றே சொன்னோம். சிலிண்டர் தலையில் மாட்டும் ரெகுலேட்டரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அந்தக் குமிழ் கம்பியில்லாமல் மணிக்கட்டில் இருக்கும் வாட்சுக்குச் சொல்லும். ஆளுக்கு ஒரு குமிழ், ஆளுக்கு ஒரு வாட்ச்.

"மச்சான், இதுல ரெண்டு நம்பர் பாத்தா போதும்" என்றான். "மேல உள்ளது, சிலிண்டர்ல எத்தர காத்து உண்டுன்னு. இருநூறுன்னா நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். கீழ உள்ளது, நீ இப்பம் நிக்கிற ஆழத்துல, இப்பம் விடுத மூச்சுக்கு, இன்னும் எத்தர நிமிஷம் தாங்கும்னு."

மேலே உள்ள எண்ணில் எனக்குத் தகராறு இல்லை. கீழே உள்ளதுதான் கண்ணுக்கு முன்னால் பொய் சொன்னது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் கல்லோடு மல்லுக்கட்டும்போது பதினெட்டு நிமிஷம் என்றது. நாலு மீட்டர் ஏறி நின்றேன், இருபத்திரண்டு என்றது. ஒரு சொட்டுக் காற்றும் கூடாமல் நிமிஷம் மட்டும் எப்படிக் கூடும்?

"இது என்னடே, ஆளுக்குத் தக்க பேசுத கணக்கு?"

"ஆளுக்குத் தக்க இல்ல மச்சான், ஆழத்துக்குத் தக்க. கீழ போவப் போவ தண்ணி அமுக்கும். அங்க ஒரு மூச்சுக்கு மேல உள்ள ரெண்டு மூச்சோட காத்து செலவாவும். பயந்தாலும் செலவாவும், பாரம் தூக்கினாலும் செலவாவும். வாட்ச் அத எல்லாம் பாத்துதான் பறயுது. ஒனக்கு நம்பிக்கை இல்லன்னா கீழ உள்ளத விட்டுரு. மேல உள்ளது அம்பதுக்கு வந்தா முஷ்டிய மடக்கி நெஞ்சுல வச்சுக் காட்டு. ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல அம்பது வந்தாலும், ரெண்டு பேரும் ஏறிரணும். அம்பதுக்குக் கீழ வெளையாட்டு இல்ல."

இன்னொரு சட்டமும் சொன்னான். சிலிண்டர் கட்டினால் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டே மேலே ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். பழகும் நாட்களில் நாலு தடவை இறங்கினோம். நாலு தடவையும் மேலே வரும்போது என் வாட்சில் அவனுடையதைவிட அதிகம் மிச்சம் இருந்தது. அவன் சிகரெட் பிடிப்பவன், கொஞ்சம் தொந்தியும் உண்டு, காற்றைத் தின்பான். "கொள்ளாம் மச்சான், நீ மூச்சே விடாத்த ஆளு" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமானை மந்திரிக்கக் கொண்டுபோனோம். எங்கள் கரையில் வள்ளமோ வலையோ எஞ்சினோ, பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் புதுச் சாமான் எதுவும் தொழிலுக்கு இறங்காது. மூடிக் கிடந்தால் உள்ளே தீர்த்தம் படாது என்று எஞ்சினையே கழற்றி வைத்து மந்திரிக்கிற ஆட்கள் நாங்கள். தங்கை விடவில்லை, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கோயில் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ரெகுலேட்டர், குழாய், குமிழ், வாட்ச் என்று உதிரி உதிரியாகப் பரப்பி வைத்தோம். சாமியார் எட்ட நின்று, "இதுல எதுவும் வெடிக்காதுல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் தெளித்தார். வீட்டுக்கு வந்து தங்கை துடைத்துத் துடைத்துக் கொடுக்க, அவன் ஸ்பேனரை வைத்துத் திரும்ப மாட்டினான்.

மறுநாள் வேலைக்கு இறங்கினோம். தண்ணீர் கலங்கல், நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் இருவரும் மூன்று முழக் கயிற்றால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு போனோம். அவன் கடப்பாரையால் கல்லை நெம்பிப் பார்ப்பான், நான் நாடா பிடித்து அளப்பேன். இருபத்தைந்து நிமிஷத்தில் என் வாட்ச் ஐம்பது காட்டியது. நான் நம்பவில்லை, தட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்டினேன், ஏறினோம். மேலே வந்ததும் அவன் மணிக்கட்டை எட்டிப் பார்த்தால் நூற்றுப் பத்து! சிகரெட்காரனுக்கு நூற்றுப் பத்து, எனக்கு நாற்பத்தெட்டு.

இரண்டாம் நாளும் அதே கதை, மூன்றாம் நாளும். போதாததற்கு, அவன் கயிற்றின் நுனிக்கு நகர்ந்துவிட்டால் என் வாட்சில் எண்ணே மறைந்து வெறும் கோடு கோடாக வரும். அவன் பக்கத்தில் வந்ததும் எண் திரும்பி வரும். அவன் விலகினால் செத்து, நெருங்கினால் பிழைக்கும் வாட்ச் என்ன வாட்ச்? வள்ளத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எஞ்சினியர் நோட்டில் எழுதிக்கொண்டே, "அண்ணாச்சிக்குக் காத்து ரொம்பச் செலவாகுதே. நாப்பது நிமிஷம் இருக்க வேண்டிய இடத்துல இருபத்தஞ்சுல ஏறிட்டா எப்படி? தூத்துக்குடியில ஆள் இருக்கு, சொல்லட்டுமா?" என்றார். மாப்பிள்ளை சிரித்தான். "புதுசுல்லா சார், வெப்ராளம். சரியாவும்" என்றான். வெப்ராளமாம், பதற்றமாம், எனக்கு! அன்று சாயங்காலம் அவன் வாங்கித் தந்த சாயாவை நான் குடிக்கவில்லை.

முதலில் சிலிண்டரில் காற்று அடைக்கிறவன் மேல் சந்தேகப்பட்டேன். அஞ்சுகிராமத்துக்காரன், கம்ப்ரசரை விட்டு எழுந்திருக்காதவன். ஆனால் இறங்கும்போது இரண்டு வாட்சும் இருநூறு காட்டியது, அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அப்புறம் குழாயில் ஓட்டை இருக்குமோ என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழும்பவில்லை. அப்புறம்தான் வாட்சின் மேல் கண் போயிற்று. தினமும் காலையில் அவன்தான் என் வாட்சை வாங்கி ஏதோ பொத்தானை அமுக்கித் தருவான். உள்ளே எல்லாம் இங்கிலீஷ், எனக்கு எண் மட்டும்தான் தெரியும்.

"மாப்பிளே, நாள மொதக்கொண்டு வாட்ச மாத்திக் கெட்டுவமா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"அது பாடில்ல மச்சான், மாத்தக் கூடாது. ஒவ்வொரு வாட்சும் அவனவன் ஒடம்புல எவ்வளவு நைட்ரஜன் சேந்திருக்குன்னு கணக்கு வச்சிருக்கும். தெனமும் ரெண்டு தடவ முங்குதோம், ஒனக்க கணக்கும் எனக்க கணக்கும் கலந்து போவும்."

பதில் தயாராக இருந்தது. அதுவே எனக்குப் போதும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானாகவே முடித்துக்கொண்டேன்.

மறுநாள் என் சிலிண்டரின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து சிலிண்டரெல்லாம் கம்ப்ரசருக்குப் போன பிறகு, பீடி வாங்கப் போவது போல் அஞ்சுகிராமத்துக்காரனிடம் போனேன். "அந்தச் செவப்புக் கயிறு கட்டினதுல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டேன். அவன் கணக்காகச் சொன்னான்: "அதுல பாதிக்கு மேல இருந்துச்சே அண்ணாச்சி. மத்ததுதான் தெனமும் வழிச்சு நக்கிட்டு வருது."

முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே எனக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்தது, ஆனால் நான் கேட்கவில்லை. என் சிலிண்டரில் பாதி இருக்கிறது, என் வாட்ச் ஐம்பதுதான் என்கிறது. அப்படியானால் வாட்ச் பொய். வாட்சைத் தொடுகிறவன் ஒருவன்தான். என்னை எஞ்சினியர் முன்னால் கையாலாகாதவனாகக் காட்டி அனுப்பிவிட்டு, வளைகுடாக் கூட்டாளி எவனையாவது கொண்டுவரப் பார்க்கிறான். எவ்வளவு பொருத்தமாக இருந்தது! அன்று ராத்திரி தங்கை சோறு போடும்போது, "ஒனக்க மாப்பிள கொள்ளாம்டி" என்றேன். அவள் வஞ்சகமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த நாள் ஒரு முடிவோடு இறங்கினேன். இன்று அந்த வாட்ச் என்ன சொன்னாலும் ஏறமாட்டேன். ஐம்பது வரட்டும், இருபது வரட்டும், நாற்பது நிமிஷமும் கிடந்து காட்டுவேன். தப்பித்தவறி நிஜமாகவே தீர்ந்தாலும் எனக்கென்ன, பன்னிரண்டு மீட்டர்தானே, மூச்சைப் பைய விட்டுக்கொண்டே ஏறிவிடுவேன். அவனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவனுக்குத்தான் தினமும் நூற்றுப் பத்து மிச்சமிருக்கிறதே!

அன்று கல் முரண்டு பிடித்தது. அவன் கடப்பாரையோடு தொங்கிக்கொண்டு நெம்பினான், குமிழிகள் பொலபொலவென்று என் முகத்தில் வந்து மோதின. இருபத்திரண்டாவது நிமிஷம் ஐம்பது வந்தது. நான் முஷ்டியை மடக்கவில்லை. நாற்பத்தேழு. அவன் என் பக்கம் திரும்பி, 'சரியா?' என்பது போல் விரலை வளையமாக்கிக் கேட்டான். நானும் வளையம் காட்டினேன். சந்தோஷமாகவே காட்டினேன், ஆண்டவரே.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மூச்சை அடக்கிவிட்டு வாட்சைப் பார்ப்போம். நான் மூச்சு விடாவிட்டால் என் காற்று குறையக் கூடாது. அப்படியும் குறைந்தால் வாட்ச் கள்ளம் என்று ருசுவாகிவிடும். அடக்கினால் ஏறக் கூடாது என்பது ஓர்மையில் இருந்தது; ஒரு கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். நாற்பத்தைந்து. நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்று. நெஞ்சுக்குள் 'மாட்டினியாலே' என்று ஒரு குதூகலம். கண் மட்டும் எண்ணிலேயே இருந்தது. பக்கத்தில் அவன் நெம்ப ஆரம்பித்தால் குமிழி கொட்டியது, எண் வேகமாக இறங்கியது. அவன் நிறுத்தி ஓய்ந்தால் எண்ணும் நின்றது. மறுபடி நெம்பினான். முப்பத்தேழு.

கயிற்றின் நுனி வரை விலகிப் பார்த்தேன், கோடு கோடாக வந்தது. அவன் தோள் பக்கம் வந்தேன், முப்பத்து நாலு. மற்றதுதான் தினமும் வழித்து நக்கிக்கொண்டு வருகிறது என்று அஞ்சுகிராமத்துக்காரன் சொன்னது இப்போது காதுக்குள் கேட்டது. என் கையில் இருந்தது அவனுடைய காற்று. அவன் கையில் இருந்தது என்னுடையது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நெம்பிக்கொண்டிருந்தான்.

முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு, 'இன்னும் ஒரே ஒரு கல்' என்று விரல் காட்டினான். எனக்குத்தானே குறைந்திருக்கிறது, இவனுக்கு எப்போதும் வெப்ராளம்தானே என்று நினைத்திருப்பான். கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தேன். என் வாட்சை அவன் கண்ணாடியில் முட்டும்படி பிடித்து, அந்த எண்ணைத் தொட்டு, அவன் நெஞ்சைத் தொட்டேன். அவன் கோபமாகத் தன் வாட்சைக் காட்டினான்: நூற்றுப் பதினைந்து. தண்ணீருக்கடியில் எப்படிச் சொல்வது? கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவன் கல்லைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். அந்த இழுபறியில் இரண்டு பேரும் காற்றைக் குடித்தோம். இருபத்தொன்று. பதினாலு. பிறகு அவன் கண் மாறியது. உறிஞ்சுகிறான், இறுக்கமாக வருகிறது, மறுபடி உறிஞ்சுகிறான். கை கழுத்துக்குப் போயிற்று. ஆபத்துக்கு என்று என் சிலிண்டரில் கூடுதலாகத் தொங்கும் உபரிக் குழாயை அவன் வாயில் திணித்தேன். அவன் இரண்டு மூன்று மூச்சு என் சிலிண்டரிலிருந்து இழுத்ததும் அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். நூற்றிரண்டு; அவன் இழுக்க இழுக்க இறங்கியது. அவன் தோள்பட்டையைப் பற்றிக்கொண்டு, பைய, மூச்சு விட்டு விட்டு மேலே கொண்டுவந்தேன்.

வள்ளத்தில் அவன் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, இரண்டு ரெகுலேட்டரையும் இழுத்து மடியில் வைத்துப் பார்த்தான். "கொமிழு மாறிப் போச்சு மச்சான். மந்திரிச்சிட்டு வந்து நாந்தான் மாத்தி மாட்டியிருக்கேன். ரெண்டும் ஒண்ணு போல இருக்குல்லா. இருநூறுல ரெண்டும் ஒண்ணு போலத்தான காட்டும், எப்பிடித் தெரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "நீ காட்டும்பம் முப்பத்தி நாலு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். எஞ்சினியர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மூச்சை அடக்கிப் பார்த்ததை மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். வீட்டில் அவன் தங்கையிடம், "ஒனக்க அண்ணன் மூச்ச அடக்கிப் பாத்துல்லா கண்டுபிடிச்சாரு, இல்லன்னா நான் இன்னைக்குச் சவம்" என்றான். எதற்காக அடக்கினேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் தட்டில் மீன் துண்டுகளாக எடுத்து எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்த்தேன். சும்மா இருந்தால் எதை நினைக்கிறான் என்று பார்த்தேன். ஐம்பது என்று சட்டம் போட்டவன் அவன். முப்பத்து நாலு வரை நான் கை காட்டவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்கு முந்தின ஐந்து நாளும் நான் ஐம்பதில் காட்டியதால்தான் அவன் உயிரோடு ஏறினான் என்பதும் தெரியும். ஏன் கேட்காமல் இருக்கிறான்? என்னை நோகடிக்கவா? தங்கையிடம் தனியாகச் சொல்லிவிட்டானா? பழைய புத்தி போகவில்லை, பாருங்கள்.

எட்டாம் நாள், இறங்குவதற்குத் தயாராக வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் குனிந்து எங்கள் இருவரையும் கட்டும் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு ஏன் அம்பதுல கை காட்டலன்னு நீ இன்னும் எங்கிட்ட கேக்கல மாப்பிளே."

அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேட்டா நீ உள்ளத பறஞ்சிருவ மச்சான். அதுக்குப் பொறவு நான் ஒங்கூட எறங்க முடியாது."

கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு அவன் முதலில் குதித்தான். இடுப்பில் கயிறு இழுத்தது, நானும் குதித்தேன்.